ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

— கண்ணை ஒட்டி வெச்சுப் பாருடி. மைக்ராஸ்கோப் ஒண்ணும் கடிச்சுராது.

— பாத்துட்டேன்க்கா. குட்டிக் குட்டி உருண்டையா மிதக்குது. இதுவா?

— இதேதான். மூளைக் கட்டியில இருந்து எடுத்த செல்லு.

— இதுக்காகவா ஞாயித்துக்கிழமைகூட இங்க ஓடி வர்ற? வீட்டுல ஒரே ஒரு ரோஜாச் செடி வெச்சிருந்தே. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்ல. பாவம், நின்னபடியே செத்துச்சு.

— செடிய விடு. இதுங்களுக்கு நேரத்துக்கு மீடியம் மாத்தணும். அதாவது, சாப்பாடு. இல்லன்னா வாடிரும்.

— வாடட்டுமே! எம்புள்ள தலைக்குள்ள உக்காந்து தின்னது பத்தாதா?

— அடியே, மெதுவா.

— அட போக்கா. நேத்து ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொல்லிட்டாரு. சுத்தமா இருக்காம். குட்டி ஸ்கூலுக்குப் போகலாமாம்.

— தெரியும். உன் வீட்டுக்காரர் போன்ல அழுதாரு. நானும் இந்த ஸ்டூல்லயே உக்காந்து அழுதேன்.

— அப்புறம் என்ன? இதைத் தூக்கிப் போட்டுரு. இது எங்கயோ உயிரோட இருக்குன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.

— பதறாத. அதாவது, கட்டியில முக்கால்வாசி செல்லு வெறும் கூட்டம். மருந்து பட்டா ஒழிஞ்சுரும். கொஞ்சம் மட்டும் வேர் மாதிரி. மருந்து வந்தா பெருகாம பதுங்கிக் கிடக்கும். எல்லாம் ஓய்ஞ்சதும் எழுந்து மறுபடியும் கட்டியை உண்டாக்கும். அந்த வேரைத்தான் வளக்குறேன்.

— அதை எதுக்கு வளக்கணும்ங்கறேன்?

— எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்கத்தான். குட்டிக்குக் கடைசியா ஒரு மருந்து சேத்தாங்களே, அதை முதல்ல இதுல ஒரு தட்டுலதான் ஊத்திப் பாத்தோம்.

— அப்ப வேலை முடிஞ்சுது. ஆபரேஷன் அன்னைக்கு எடுத்துக்கங்கன்னு கையெழுத்துப் போட்டவ நான். இப்ப வேண்டாம்னு சொல்றேன். பெத்தவளுக்கு அந்த உரிமை இருக்கா, இல்லையா?

— இருக்கு. பெத்தவ வேண்டாம்னா ஒரு நிமிஷம்கூட நான் வெச்சிருக்க முடியாது.

— அப்ப தட்டைக் குடு. நானே கொட்டிடறேன்.

— கையை எடு, என் செல்லமில்ல. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்.

— என்னக்கா? பயமுறுத்தாத.

— குட்டியோட செல்லு வளரவே இல்லடி. வந்த வாரமே செத்துருச்சு.

— அப்ப இது யாரோடது?

— ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கையில இருந்தாளே, தன் தொப்பியைக் கழட்டி நம்ம குட்டிக்குப் போட்டுவிட்டவ. ரெண்டு பேருக்கும் ஒரே வகைக் கட்டி. அவ போனதும், இதையாவது காப்பாத்துங்கன்னு அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

— ஐயோ... அந்தப் பாப்பாவா?

— இப்ப போன் வரும் பாரு. வேற ஒண்ணும் பேச மாட்டாங்க. ‘சாப்பிட்டாளா’ன்னு மட்டும் கேப்பாங்க.