ஆறு கதவு

அதை ஏன் கேக்குறீங்க தம்பி, இந்தக் கைப்பிடிக்காக நாலு தடவை போயிட்டேன் அந்தக் கடைக்கு. முதல் தடவை குடுத்தது ஆறும் வலது பக்கம் திறக்கிற கதவுக்கு. எங்க வீட்டுல நாலு கதவு இடது பக்கம் திறக்குது. நானென்ன கண்டேன், கைப்பிடின்னா கைப்பிடிதானேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். மாத்தப் போனா, இன்னொண்ணு குடுத்தான், அதுல தகடு சின்னது. பழைய ஓட்டையெல்லாம் பல்லைக் காட்டுது. மறுபடி போனா, கதவுப் பலகை எத்தனை இஞ்சு கனம்னு கேக்குறான். தலையைக் கூட தூக்கல, போன்ல எதையோ நோண்டிக்கிட்டே கேக்குறான். கதவைத் தூக்கிக்கிட்டா வந்திருக்கேன் நான்? வீட்டுக்கு வந்து அளந்து எழுதி எடுத்துட்டுப் போறேன், அவன் சாப்பிடப் போயிட்டான். ஒரு மணி நேரம் ஆணி மூட்டை மேல உக்காந்திருந்தேன்.

ஆமா, அந்த நீட்டுக் கைப்பிடிதான். கீழ அமுக்கினா திறக்கும்ல, அதுதான் வேணும். உருண்டை வேண்டவே வேண்டாம்.

முதல்ல பாத்ரூம் கதவைப் பாருங்க. அப்புறம் படுக்கையறை, சமையல்கட்டு, மத்ததெல்லாம். நாலு மணிக்குள்ள முடிஞ்சுடுமா? முடிஞ்சாகணும். எங்க வீட்டுக்காரரு அவரு தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு. சும்மா போகல, நான் தள்ளித்தான் விட்டேன். அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன், சாப்பாடு போட்டு, பழைய கதை ஏதாவது பேசி, நாலு மணி வரைக்கும் அண்ணனைப் பிடிச்சு வைடின்னு. அவ கேட்டா, நாலு மணி வரைக்கும் அண்ணன்கிட்ட என்ன அண்ணி பேசுறது, அவருதான் பேசவே மாட்டாரேன்னு. நியாயமான கேள்விதான்.

அவரு இருந்தா என்னன்னா, இன்னொரு ஆளு இந்த வீட்டுல ஸ்க்ரூ முடுக்குறதை அவரால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. முப்பத்தோரு வருஷம் லேத் பட்டறையில இருந்தவரு. தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவுவாரு. அளவு வைக்கிறதுக்கு முன்னாடியே விரலால தடவிப் பாத்து, இன்னும் ஒரு இழுப்பு இழுக்கணும்னு சொல்லுவாராம். அப்புறம் அளந்தா சரியா அவ்வளவுதான் இருக்குமாம். அவரு கூட வேலை பாத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும், இவரு வாயால சொன்னதில்ல. இந்த வீட்டுல கீல், தாழ்ப்பாள், குழாய், மிக்ஸி எதுக்கும் வெளியாளு வந்ததில்ல. நீங்கதான் முதல் ஆளு. அதனால கொஞ்சம் பதமா கழட்டுங்க, இப்ப இருக்கிறதெல்லாம் அவரு போட்டது.

இருங்க, நாற்காலியை நகத்துறேன். அந்தப் பக்கம் வாளி இருக்கும், கால்ல இடிச்சுக்காதீங்க.

இந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தாரு தம்பி, முக்கா மணி நேரம். ரெண்டு மாசம் ஆச்சு. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு, பக்கத்து வீட்டம்மா வாயைக் குடுத்தா, நானும் நின்னுட்டேன். கீழ வந்தா தண்ணிச் சத்தம் இல்ல, ஆளும் வெளிய வரல. என்னங்கன்னு கூப்பிட்டா, உள்ளயிருந்து ரொம்ப சாதாரணமா, கொஞ்சம் கதவைத் திறன்றாரு. திறந்தா, துண்டைக் கட்டிக்கிட்டு வாளி மேல உக்காந்திருக்காரு. தலையில இருந்த தண்ணியெல்லாம் காஞ்சே போச்சு. ஏன் ஒரு குரல் குடுக்கலன்னு கேட்டேன். மேல் வீட்டுக்காரங்களுக்குக் கேக்கும்னாரு. அப்புறம் கைப்பிடியைக் காட்டி, தேஞ்சு போச்சு, வழுக்குதுன்னாரு.

நானும் ஆமா தேஞ்சுதான் போச்சுன்னேன்.

ஆனா நான் வெளியிலருந்து ஒரு சுத்துல திறந்தேன்ல. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கைதாங்க. விரல் மூட்டெல்லாம் பாக்கு மாதிரி ஆயிடுச்சு. மடங்கல, மடங்கினா நீளல. உருண்டையா எதையும் பிடிச்சுத் திருப்ப முடியல. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். குணமாகாது, கூடாம வேணா பாத்துக்கலாம்னாரு. கையை அசைச்சுக்கிட்டே இருக்கணும், அப்படியே விட்டுட்டா கல்லு மாதிரி ஆயிடும்னாரு. வெளிய வந்ததும் இவரு சொல்றாரு, அந்த டாக்டருக்கு வயசு பத்தாதுன்னு. அதோட சரி, கையைப் பத்தி வீட்டுல பேச்சே இல்ல. சட்டைப் பட்டனுக்கு அரை மணி நேரம் ஆகும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். போனா, என்ன வேடிக்கைன்னு கத்துவாரு.

அப்பதான் நான் மெதுவா சொன்னேன், எல்லாக் கதவுக்கும் நீட்டுக் கைப்பிடி போட்டுடலாம்ங்க, இப்ப எல்லாரும் அதுதான் போடுறாங்கன்னு. எகிறிட்டாரு. ஒண்ணு தேஞ்சா ஆறையும் மாத்துவியா, மத்தது அஞ்சும் கல்லு மாதிரி இருக்கு, உனக்கென்ன பொழுது போகலையான்னு. மனுஷன் பிடிவாதம் இருக்கே, சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கும். படுக்கையறைக்குள்ள நான் இல்லாத நேரம் அவரு கதவையே சாத்துறதில்ல, தெரியுமா? செருப்பை இடுக்குல வச்சுடுவாரு. சமையல்கட்டுக் கதவை முழங்கையால தள்ளுவாரு. ஆனா மாத்த மட்டும் கூடாது.

எனக்கும் எரிச்சல்தான் வரும். வராதா பின்ன? ஒரு வார்த்தை, முடியலடின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? நான் என்ன ஊரைக் கூட்டியா சொல்லப்போறேன்? நாப்பது வருஷம் ஆகப்போகுது கல்யாணம் ஆகி. என்கிட்ட சொல்றதுக்கு என்ன.

அது முடிஞ்சுதா? எங்க, அமுக்கிப் பாக்குறேன். நல்லா இருக்கு. ஒரு விரலே போதும். முழங்கையாலயும் திறக்குது பாருங்க. சரி, அடுத்தது படுக்கையறை.

என்ன நிறுத்திட்டீங்க?

ம். அதுல மரம் நல்லாத்தான் பிடிக்குது. ஸ்க்ரூவும் நல்ல ஸ்க்ரூதான். தேயலதான். ஆமா, தானா தளந்த மாதிரி இல்லதான். யாரோ தளத்தியிருக்காங்கதான்.

நான்தாங்க.

அப்படிப் பாக்காதீங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? மத்தது அஞ்சும் கல்லு மாதிரி இருக்குன்னாருல்ல. அவரு நடக்கப் போன நேரமாப் பாத்து, அவரு ஸ்க்ரூ டிரைவரையே எடுத்து, இந்தக் கதவுக்கும் சமையல்கட்டுக் கதவுக்கும் நாலு நாலு சுத்து தளத்திவிட்டேன். வந்ததும், இங்க பாருங்க, இதுவும் ஆடுது, எல்லாமே தேஞ்சு போச்சுன்னேன். சரி, மாத்தித் தொலைன்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். அவ்வளவுதான் என் கணக்கு. கைப்பிடி மேல பழி போகட்டும், அவரு மேல போக வேண்டாம்.

அவரு போய் டூல்ஸ் பெட்டியை எடுத்துட்டு வந்தாரு. இதுக்கெதுக்குப் புதுசு, முடுக்கினா போதும்னு தரையில உக்காந்துட்டாரு. ரெண்டு கையாலயும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிச்சு, நெத்தியைக் கதவுல முட்டுக் குடுத்துக்கிட்டு, ஒரு ஸ்க்ரூவுக்கு கால் மணி நேரம். நழுவி விழும், தேடி எடுப்பாரு, மறுபடி வைப்பாரு. காலையில உக்காந்தவரு, மத்தியானம் எழுந்தாரு. எழுந்தப்ப அந்த முகத்தைப் பாக்கணுமே, அவ்வளவு சந்தோஷம். பாத்தியா, நின்னுடுச்சுன்னாரு.

நான் என்ன பண்ணியிருக்கணும்? அங்கயே விட்டிருக்கணும். விடல. கைப்பிடி மாறலையேன்னு அதுலயே இருந்தேன். சாயங்காலம் அவரு வெளிய போனதும் மறுபடி தளத்திட்டேன். மறுநாள் அவரு மறுபடி முடுக்குனாரு. நான் மறுபடி தளத்துனேன். நாலு நாள். சண்டை போட்டா கூட அவரு கண்ணுல படுற மாதிரி போட்டிருக்கணும், இது அப்படியும் இல்ல.

அஞ்சாம் நாள் காலையில எழுந்தவரு, பல்லு கூட விளக்கல, நேரா வந்து இதைத் தொட்டுப் பாத்தாரு. ஆடுச்சு. கத்துவாருன்னு நினைச்சேன். கத்தல. கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம், முடுக்குறேன், நிக்கமாட்டேங்குது, கைப்பிடி இல்ல, என் கைதான் போச்சுன்னாரு.

ரெண்டு மாசமா அந்த வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன். வந்தப்ப என்னால கேக்க முடியல தம்பி.

அன்னையிலருந்து கையையே உபயோகிக்கிறதில்ல. தட்டு வச்சா, ஊட்டிவிட்டா சாப்பிடுற மாதிரி உக்காந்திருக்காரு. முடியாம இல்ல, முடியாதுன்னு முடிவு பண்ணிட்டாரு. பட்டறையில கூட இருந்த ஒருத்தருக்கு போன் பண்ணி, என் பெட்டியை வந்து எடுத்துட்டுப் போயிடுன்னு சொல்லிட்டாரு. அந்த ஆளு ஞாயித்துக்கிழமை வர்றாரு. கைப்பிடி மாத்துறேன்னு இப்ப சொன்னா வேண்டாம்னு சொல்லமாட்டாரு. எதுக்குமே வேண்டாம்னு சொல்றதில்ல இப்ப.

சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். நான்தான் தளத்துனேன், நீங்க முடுக்குனது நல்லாத்தான் நின்னுச்சுன்னு. சொன்னா, எதுக்குத் தளத்துனன்னு கேப்பாரு. அதுக்கு என்ன பதில் சொல்ல? உங்க கை முடியலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னா? உங்களை நம்ப வைக்க நாடகம் போட்டேன்னா?

அதான் உங்களை வரச் சொன்னேன். கைப்பிடி மாத்துறது பாதி வேலைதான். நாலு மணிக்கு அவரு வரும்போது நீங்க இங்க இருக்கணும். முடிஞ்சுபோனாலும் இருங்க, டீ போட்டுத் தர்றேன். பழைய கைப்பிடியைக் கையில வச்சுக்கிட்டு, அவரு கேக்காட்டாலும் நீங்களா சொல்லுங்க. இதுல ஸ்க்ரூ புரியெல்லாம் தேஞ்சு செத்துப் போச்சுங்க ஐயா, மரமும் உளுத்துப் போச்சு, யாரு முடுக்கினாலும் ஒரு நாள் தாங்காது, நீங்க நாலு நாள் நிறுத்தி வச்சதே பெரிசுன்னு சொல்லுங்க. அப்புறம் கடைசிக் கதவுல ஒரே ஒரு ஸ்க்ரூவை பாதியில விட்டு வைங்க. அவசரமா போகணும், இதை மட்டும் நீங்க முடுக்கிடுங்கன்னு ஸ்க்ரூ டிரைவரை அவரு கையில குடுத்துட்டுப் போயிடுங்க.

நான் அதைத் தொடமாட்டேன்.