ஒத்தை ரவை

புறாவுக்குத் தட்டை ரவைதான் நல்லது. ஏர்கன் விற்கிற கடையில் கேட்டால் கூர் ரவை டப்பாவைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள், பார்க்க மிடுக்காக இருக்கும். வாங்கிவிடாதீர்கள். கூர் ரவை பறவையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். பறவையும் தப்பிப் பறந்து, எங்காவது மூட்டைச் சந்தில் கிடந்து நாள் முழுக்கச் சாகும். தட்டை ரவை உள்ளேயே நின்றுவிடும். எந்த உயிரையும் இழுத்துக்கொண்டு கிடக்க விடக்கூடாது. நான் தொழிலில் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்குத்தான் வருகிறேன். ரவையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நானும் அண்ணனும் மாவு மில் கிடங்குகளில் புறா, பெருச்சாளி ஒழிக்கிற வேலை பார்த்தோம். கிடங்குக்குத் தகரக் கூரை. சூடு இறங்காமலிருக்க, அதற்குக் கீழே மெல்லிய பலகையில், அங்கங்கே திறப்பு விட்டு, ஓர் உள்கூரை. இரண்டுக்கும் நடுவில் புறாக்கள் குடும்பம் நடத்தும், எச்சமெல்லாம் மாவு மூட்டை மேல். அண்ணன் ஏணியில் ஏறி அந்த இடுக்குக்குள் நுழைந்து, குந்தியபடியே நகர்ந்து, ஒரு கட்டையால் பலகையைத் தட்டிக்கொண்டே போவார். புறாக்கள் மிரண்டு வெளியே வந்து இரும்பு உத்தரத்தில் உட்காரும். நான் கீழேயிருந்து சுடுவேன்.

எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. தட்டுகிற சத்தம் நிற்கக் கூடாது. சத்தம் கேட்கிற இடத்தில் அண்ணன் இருக்கிறார் என்று அர்த்தம். துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அவர் மேலே இருக்கும்வரை தட்டை ரவைதான். கை தவறினாலும் அது பலகையைத் தாண்டாது. கூர் ரவை வெளியே, பெருச்சாளிக்கு மட்டும். அவர் நகர நகர, கீழே நான் ஏணியையும் நகர்த்த வேண்டும். எல்லாம் அண்ணன் வைத்த சட்டம். ரொம்பப் பொறுப்பான மனிதர்.

என்னை மில்லில் 'ஒத்தை ரவை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு புறாவுக்கு ஒரு ரவை, இரண்டாவது கேட்கமாட்டேன். என் சொந்தப் பெயரை அண்ணி கூட மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்குக் கல்யாணமில்லை, சொத்தில்லை. அந்தப் பெயர் இருந்தது.

கொஞ்ச நாளாகக் கிடங்கில் வெளிச்சம் சரியில்லை. விளக்கெல்லாம் பழசு. ஒரு விளக்கு உடைந்தது, மேலாளர் அறைக் கண்ணாடி உடைந்தது. கண்ணாடிக்கு அண்ணன் முந்திக்கொண்டு, "என் கை பட்டுடுச்சு சார்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் விவரமானவர்கள். "பேரு ஒத்தை ரவை, ஆனா டப்பாவே காலியாகுதே" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வாரம் அண்ணன் ஒரு வலைச்சுருளோடு வந்தார். அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "இனிமே துப்பாக்கி வேணாம்டா. வலை கட்டிக்கலாம். நீ கீழ கயிறைப் பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார். "யானைக்கும் அடி சறுக்கும். கண்ணு ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருக்கேன், போய்க் காட்டிட்டு வந்துடலாம்."

அவர் குரலில் அவ்வளவு பாசம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். பாசத்தோடு சண்டை போட முடியுமா? கயிறு பிடிக்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வலை கட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற புறாக்களை வெளியேற்ற வேண்டும். கடைசியாக ஒரு தடவை துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார். மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் மேலே ஏறினார், தட்ட ஆரம்பித்தார். நான் கூர் ரவை டப்பாவைத் திறந்தேன். இரண்டு ரவைக்கும் வித்தியாசம் விரலிலேயே தெரியும், கண் வேண்டாம். மாற்றி எடுத்துவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொன்னது பொய்.

பலகை வெள்ளையாக, ஒரே மாதிரி இருந்தது. சத்தம் வந்த இடத்தைப் பார்த்தேன். குந்தியிருக்கிறவருக்கு உடம்பு எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு நேராகச் சுட்டேன்.

தட்டுவது நின்றது. பிறகு குரல் வந்தது. "டேய், ரவை மேல வந்துடுச்சுடா. மாத்திப் போட்டுட்டியா?" சற்று நேரம் மூச்சு வாங்கினார். "பரவால்ல. பயப்படாத. ஏணியை மட்டும் இந்தப் பக்கம் கொண்டா."

ஏணி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து துப்பாக்கிக் குழலைத் துடைத்தேன்.

இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். எனக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, மறுபடி பலகையைத் தட்ட ஆரம்பித்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று எனக்குத் தெரிவதற்காகத் தட்டினார். விட்டு விட்டுத் தட்டினார். கட்டை விழுந்த பிறகு கையால் தட்டியிருப்பார், சத்தம் மெத்தென்று மாறியது. சாப்பிடப் போனவர்கள் கைகழுவுகிற சத்தம் வெளியே கேட்டபோது மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து ஏணியை நகர்த்தினேன்.

ஏணியை ஏன் கொடுக்கவில்லை என்கிறீர்கள். அவர் உயிரோடு இறங்கி வந்திருந்தால் அது தப்பிய குறி. வெறும் காயம். மில் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். எல்லோரும் விபத்து என்றுதான் சொல்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தீர்கள். இன்று மாலைக்குள் வீட்டுக்குப் போயிருப்பேன். காலையில் அண்ணி இங்கே வந்து உங்கள் மேசைமேல் விழுந்து அழுதாரே, "கண்ணு தெரியாத பிள்ளை சார், தெரியாம பண்ணிடுச்சு. அவரும் போயிட்டாரு, எனக்குன்னு இனி இது ஒண்ணுதான் இருக்கு, விட்டுடுங்க" என்று. அப்போதுகூட எனக்கு அழுகை வந்தது. நல்ல மனுஷி. ஆனால் கண் தெரியாத பிள்ளை என்று சொல்லிவிட்டார். அதை இங்கே எழுதுகிற ஏட்டு அப்படியே எழுதவும் செய்தார். அதற்குப் பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தாங்கமாட்டார், தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். குறி தவறிச் சுட்டான் என்பதை அடித்துவிட்டு, நினைத்த இடத்தில் சுட்டான் என்று எழுதுங்கள். ஒரே ரவை.

நீங்கள் நம்பவில்லை போலிருக்கிறது. அதோ, அந்த ஜன்னலைப் பாருங்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு புறா, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்குகிறது. துப்பாக்கியைக் கொடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையில் அடித்துக் காட்டுகிறேன். சத்தம் போடாதீர்கள், பறந்துவிடும்.

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு எதற்காக எழுந்து போகிறார்? ஜன்னலிலிருந்து அதைக் கையில் எடுக்கிறார். தூசி தட்டுகிறார். தலையில் மாட்டிக்கொள்கிறார்.

இந்த அறையில் வெளிச்சம் சரியில்லை ஐயா. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.