சிவப்பு அட்டை இருந்த இடம்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு, கோவில்பட்டியில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியிலிருந்து ரேணுகாதேவி தெருவில் விழுந்தாள்.

அன்று நல்ல காற்று. மேசைமேல் இருந்த தாள்கள் பறந்துவிடாமல் மணிராஜ் கொண்டுவந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகளை அவற்றின்மேல் வைத்திருந்தோம். ஒவ்வொரு வாரமும் அவன் கொண்டுவருவான். அவர்கள் வீட்டுத் தொழில் அது.

சாமித்துரை ஐயா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். முதல் கேள்வி, "சீட்டு வெளையாடுனீங்களா அண்ணாச்சி?" என்பது. இல்லை, கதை விளையாட்டு என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டீர்கள். உங்களுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தும் அதோடு விட்டுவிட்டேன். இப்போது முறையாகச் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு அதன் இடத்தில் வருகிறேன்.

நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். நடத்துபவர், "ஆற்றில் வெள்ளம் வருகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்பார். அவரவர் செய்வதைச் சொல்ல, பகடையை உருட்டி, அது பலித்ததா இல்லையா என்று பார்ப்போம். அவ்வளவுதான். நான்கு வருடமாக ஞாயிறுதோறும் விளையாடினோம். நான், மணிராஜ், நூற்பாலையில் வேலை பார்க்கும் ஹரிஹரசுதன், உங்கள் மகள் ரேணுகாதேவி. மருந்துக்கடையில் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரை நாள். வேலை முடிந்து நேராக வருவாள். ஐந்தரை மணிக்கு இடைசெவல் பஸ்ஸைப் பிடிப்பாள்.

கதை என்றாலும் உட்கார்ந்திருப்பது மனிதர்கள். ஒருவருக்கு விளையாட்டாக இருப்பது இன்னொருவருக்குப் புண்ணில் கை வைப்பதாக இருக்கும். அதற்காக இரண்டு ஏற்பாடுகள் உண்டு. புதிதாகச் சேருகிறவர், கதையில் எது வரவே கூடாது என்று ஒரு தாளில் எழுதி நடத்துபவரிடம் மட்டும் கொடுப்பார். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அது போக, மேசை நடுவில் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். விளையாடும்போது எதுவும் தாங்க முடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும். கதை அந்த இடத்திலேயே நிற்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டையும் எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தவன் நான்தான். இதில் நான் கண்டிப்பானவன் என்று மூவருக்கும் தெரியும்.

ரேணுகாதேவி தன் தாளில் ஒரே வரி எழுதினாள். 'வெளியே பூட்டின ரூமுக்குள்ள தீ. வேற என்ன வேணும்னாலும் வரலாம்.' கொடுக்கும்போது, "படிச்சிட்டு கிழிச்சிப் போட்டுருங்க அண்ணாச்சி" என்றாள். சரி என்றேன். கிழிக்கவில்லை.

காரணம் கேட்க எனக்கு அவசியமும் இருக்கவில்லை. உங்கள் வழக்குத் தாள்களை நகலெடுத்துக் கொடுத்தவன் நான். நாற்பத்தொரு பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரன் பிறருடைய தாள்களைப் படிக்கக் கூடாது. ஆனால் தாளைத் திருப்பி வைக்கும்போது கண் போகத்தான் செய்யும். 2008இல் தீப்பெட்டி யூனிட்டில் உங்கள் மனைவி சொர்ணத்தாயோடு சேர்த்து ஒன்பது பெண்கள் தீயில் போனார்கள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோன பதினொரு வயதுப் பிள்ளை ஒன்றின் வாக்குமூலம் இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது. 'தாப்பா எனக்கு எட்டல.' அந்தப் பக்கம் மங்கலாக விழுந்ததால் இரண்டு முறை எடுத்தேன்.

அவள் தீப்பெட்டியைத் தொடமாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும். ஒருநாள் மணிராஜ் சாம்பிராணி பொருத்தச் சொல்லி ஒரு பெட்டியை அவள் பக்கம் எறிந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பெட்டி மடியில் விழுந்தது. எழுந்து உதறினாள்.

"ஏட்டி, கோவில்பட்டிப் பக்கம் பொறந்துட்டு தீப்பெட்டியத் தொடமாட்டேங்க? ஊர விட்டுத் தள்ளி வச்சிருவாவ ஒன்ன" என்றான் அவன்.

"தள்ளி வைக்கட்டும். நீ போடுத மிட்டாய்ப் பாக்கெட்ட மட்டும் வாரா வாரம் அனுப்பிரு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரியாது. எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் நான்காம் தேதி எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லியிருப்பேன். அதற்குள், "ரேணு நடத்தட்டுமே அண்ணாச்சி" என்று ஹரி சொன்னான். அவள் நடத்தினாள். நான் ஓரத்தில் போர்வையோடு உட்கார்ந்து கேட்டேன். பெரிய கதை என்று சொல்ல முடியாது. மணிராஜின் பாத்திரத்துக்கு ஒரு நாய் உண்டு. அது கிணற்றில் விழுகிற கட்டம் வந்தது. மணிராஜ் சிவப்பு அட்டையைத் தொட்டான். அவள் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. "விழல. கெணத்து மேட்டுல நிண்ணு ஒன்னியப் பாத்துக் கொரைக்குது. காலு மட்டும் லேசா நொண்டுது" என்றாள். மணிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் சொன்னான், அவர்கள் வீட்டு நாய் அந்த வாரம் செத்துப்போனதாக.

நான்கு வருடத்தில் நான் நடத்தும்போது யாரும் அந்த அட்டையைத் தொட்டதில்லை. அதை என் ஆட்டத்தின் பெருமையாகவே நினைத்திருந்தேன். மாடிப்படியில் இறங்கும்போது அதை ஹரியிடம் சொன்னேன்.

"ஒங்க ஆட்டத்துல தொட்டா நீங்க கோவிச்சுக்கிடுவியளேன்னு இருக்கும் அண்ணாச்சி. ரேணுகிட்ட அப்பிடி இல்ல. அடுத்த வாரமும் அவளே நடத்தட்டும், என்ன?"

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரமும் அவளே நடத்தினாள். நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும், "அண்ணாச்சி, ஒங்க எடத்த நான் புடிச்சிக்கிட்டேன்னு நெனச்சிராதீங்க. ஒங்களப் பாத்துத்தான் படிச்சேன்" என்றாள். அது உண்மை. என்னைப் பார்த்துத்தான் படித்தாள். பதினெட்டாம் தேதி நான் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். பயந்ததை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று படித்திருக்கிறேன். பதினாறு வருடமாக ஒரு பெண் தீப்பெட்டியைத் தொடாமல் இருப்பது நல்லதல்ல. இதை அவளுக்குச் சொல்ல யாருமில்லை. நீங்கள் சொல்லமாட்டீர்கள், உங்களுக்கே அந்தப் பேச்சு ஆகாது. அவள்மேல் எனக்கு அக்கறை இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். அட்டை எங்கே என்று மணிராஜ் கேட்டான். கிழிந்துவிட்டது, இன்றைக்கு இது என்று சொல்லி ஒரு காலித் தீப்பெட்டியை மேசை நடுவில் வைத்தேன். இந்த ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. ஹரி அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு வைத்தான். ரேணுகாதேவி பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வேற எதாவது வச்சிக்கிடலாமா அண்ணாச்சி?" என்றாள். ஏன் என்று கேட்டேன். காரணம் கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. அவள் நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அட்டை கிழியவில்லை. என் மேசை இழுப்பறையில் இருந்தது. அது இருந்தால் அவள் தொட்டுவிடுவாள், நான் நிறுத்த வேண்டியிருக்கும். அவள் அட்டையைக் கேட்கக் கூடாது, என்னைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

பஞ்ச காலத்தில் கரிசல்காட்டைக் கடந்துபோகிற வண்டிக் கூட்டத்தின் கதை அது. பெண்கள் பருத்தி மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கியில் ஒதுங்குகிறார்கள். ரேணுகாதேவியின் பாத்திரம் அவர்களோடு உள்ளே இருக்கிறது. நான்கு பத்துக்குப் பருத்தியில் தீ பிடித்தது. கதவு வெளியே தாழ் போட்டிருக்கிறது என்றேன். அவள், "நான் வேற வழி பாக்கேன்" என்று பகடையை உருட்டினாள். நல்ல எண் விழுந்தது. வேறு வழி இல்லை என்றேன். உள்ளே எத்தனை பேர் என்று ஹரி கேட்டான். ஒன்பது பேர் என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த எண்ணை அவள் தாளில் எழுதவில்லை.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் எதிர்பார்த்தது அதைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெட்டியத் தொடு, நிப்பாட்டுதேன்" என்றேன். கையைக் கொண்டுபோனாள். ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. மறு கையால் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். மணிராஜ் எழுந்து, "என்ன அண்ணாச்சி, அவ நிப்பாட்டச் சொல்லுதால்லா" என்றான். உட்கார், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். உட்கார்ந்துவிட்டான். நான்கு வருடப் பழக்கம். பிறகு கதையைத் தொடர்ந்தேன். கிட்டங்கிக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்கிறது, கையில் தூக்குவாளி, தாழ்ப்பாள் அதற்கு எட்டவில்லை என்றேன்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள். கீழே கம்பிக் கதவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சும்மா சாத்தி வைப்போம். அன்று பூட்டியிருந்தேன். கடை திறந்திருக்கிறதென்று யாராவது வந்து கதையைக் கெடுப்பார்கள் என்பதற்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் கதவைப் பிடித்து ஆட்டும் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, தொறந்து விடுங்க" என்று மூன்று முறை கேட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிடுகிறாள் என்பது கேட்க நன்றாக இருந்தது. இதை இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

ஹரி இறங்கிப் போவதற்குள் அவள் திரும்ப மேலே ஏறி வந்துவிட்டாள். எங்களைப் பார்க்கவில்லை. பால்கனிப் பக்கம் போனாள். அங்கே கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்வி, "பிள்ள கடைசியா என்ன சொல்லிச்சு?" என்பது. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது பொய். சுவரில் ஏறும்போது, "எனக்கு எட்டல, எனக்கு எட்டல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது இருபத்தேழு வயதுப் பெண்ணின் குரலாக இல்லை. மணிராஜ் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்தான். துப்பட்டா மட்டும் அவன் கையில் நின்றது.

அவள்மேல் அக்கறை இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட நினைத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். அதை எழுதும்போது நானே அதை நம்பினேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மணிராஜ் இப்போது யாரோடும் பேசுவதில்லை என்று அவன் வீட்டில் சொன்னார்கள். ஹரி வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். பெட்டி ஏன் அவளுக்கு ஆகாது என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது. தாங்கள் முன்னமே எழுந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ரேணுகாதேவி இறந்தாள். அன்று மதியம் போலீஸ் ஏட்டு வந்தார். தலைசுற்றுகிறது என்று காற்று வாங்கப் போனவள் கால் தவறி விழுந்தாள் என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மணிராஜும் ஹரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஏட்டு அதை உங்களுக்குப் படித்துக் காட்ட வந்தபோது, "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி நீங்களும் போட்டீர்கள். விபத்து என்று வழக்கை முடித்துவிட்டார்கள்.