மூன்றாவது தரம்

“ஹலோ... ஹலோ... யாரு சாமி?... கோவிந்தம்மா இதாரா?... கோவிந்தம்மா. மேலே மனே... ஹௌது, ஹௌது, தமிழுக்காரங்க... ஸ்வல்ப கரீரி சாமி... ராமக்கா. மாரண்டஹள்ளி ராமக்கா!... ஹௌது... ஹௌது...”

ராமக்காளுக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். பெங்களூர்க் கடைக்காரரிடம் அத்தனையும் செலவாகிவிட்டது. இனி கடைக்கு மேல் வீட்டிலிருந்து கோவிந்தம்மாள் இறங்கி வர வேண்டும். அந்த அம்மாள் படிக்கு ஒரு தரம் முழங்காலைத் திட்டிக்கொண்டு இறங்கும் ரகம். பேர் சொல்லிப் போட்ட டிரங்கால் என்பதால் ஆள் வந்த பிறகுதான் நிமிஷம் ஓடும் என்று முகம்மது கவுஸ் சொல்லியிருந்தார். அவருடைய தக்காளி மண்டியில்தான் ராமக்காள் நின்றுகொண்டிருந்தாள். காலை ஏலம் முடிந்து, காலிக் கூடைகள் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தன. பாய் லைனைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் பகல் தொழுகைக்குப் போயிருந்தார்.

ரிசீவர் ஒரு காதில். இன்னொரு காது எதிர்ச்சாரியில் இருக்கும் தன் வீட்டு வாசலில். அங்கே மகள் மாதேஸ்வரி பிள்ளை பெற்ற உடம்போடு அசந்து தூங்குகிறாள். பக்கத்தில் தூளியில் இருபத்தெட்டு நாள் குழந்தை. ராமக்காளுக்கு வயது நாற்பத்திரண்டு. யாராவது ‘பாட்டி’ என்றால் இன்னும் பின்னால் திரும்பி வேறு யாரோ என்று பார்க்கிறாள்.

“அண்ணி!... நான்தாங்க... நல்லாருக்கேன்... எல்லாரும் நல்லாருக்காங்க... அய்யய்யோ, ஒண்ணும் ஆவலைங்க! டிரங்கால்னா உடனே கெட்ட சேதிதானா?... பாப்பாவுக்கென்ன, ராணியாட்டம் இருக்குது... உங்க பேத்திதான். எனக்கும் பேத்திதான், அதையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க... தூக்கமா? அதெல்லாம் பகல்ல. ராத்திரி கச்சேரிதான்... உங்க தம்பிதானே? நேத்து நான் ஆட்டறேன், நீ படுன்னாரு. நடுவுல எந்திரிச்சுப் பாக்கறேன், இவரு தூளிக் கயித்தப் புடிச்சுகிட்டுக் கொறட்டை விடறாரு, பாப்பா முழிச்சுகிட்டு இவரையே பாத்துட்டிருக்குது... ஆமாங்க... ஆமா... மூக்கு உங்க பக்கம்தான்... காது எங்கம்மா காது... சரி, காதும் உங்க பக்கம். நெத்தியையாச்சும் எங்களுக்கு விடுங்க அண்ணி...”

கோவிந்தம்மாள், ராமக்காளின் புருஷனுக்கு அக்காள். இரண்டு வருஷமாகச் சம்பந்தியும் அவள்தான். அவள் மகன் அர்ச்சுனனுக்குத்தான் மாதேஸ்வரியைக் கொடுத்திருக்கிறது. நாத்தனாரும் சம்பந்தியும் ஒரே ஆளாக வாய்த்தால் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டும். ஆனாலும் ராமக்காள் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு வந்திருந்தாள்.

“புதன்கிழமைங்க... ஒம்போதுலருந்து பத்தரைக்குள்ள தொட்டில்ல போட்டுப் பேரு வெக்கறது... எந்தப் பேரா? மாதேஸ்வரி என்னென்னமோ நாலு பேரு எழுதி வச்சிருக்கறா, எனக்கு ஒண்ணுக்கும் நாக்கு சுழலல... ஆமாங்க, நீங்க சொன்ன பேரைச் சொன்னேன்... அத்தை பேருதான்... சொன்னேன்னா, அப்பிடியே சொல்லல. உங்க பாட்டி பேருன்னேன்... அவ ஒத்துக்கலைங்க. அப்பன் பேரு அர்ச்சுனன், மவளுக்கு அந்தப் பேரா, பள்ளிக்கொடத்துல சிரிக்க மாட்டாங்களாங்கறா... நீங்களே சிரிச்சா எப்பிடி?... அவகிட்ட நான் எப்பிடிங்க மல்லுக்கு நிக்கறது, எனக்குத்தான் அந்தப் பேரைச் சொல்லவே முடியாதே...”

மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்வதில்லை. கழுத்தில் தாலி ஏறி இருபத்துமூன்று வருஷத்தில் ராமக்காள் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் வீட்டுப் பெரியவங்க பேரைக் கேட்டபோது, “கூத்துல துச்சாதனன் யாரு சேலையப் புடிச்சு இழுக்கறானோ, அவங்க பேருங்க” என்றாள். அவர் திரௌபதி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மனுக்கே இருக்கும் இன்னொரு பேர்தான் மாமியாருடையது என்று விளக்கி, கார்டைத் திருத்தி வாங்க மூன்று மாதம் ஆயிற்று. மாமியார் உயிரோடிருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் செத்து நாலு வருஷம் ஆகிறது.

“சிரிக்காதீங்க அண்ணி, நான் வேற ஒண்ணு சொல்லத்தான் போன் போட்டேன்... என்னாங்க?... எதைக் கொண்டாறீங்க?... பாலாடையா?”

ராமக்காள் பக்கத்திலிருந்த கூடையின் மேல் உட்கார்ந்தாள். பாலாடை, மூக்கு நீண்ட சின்ன வெள்ளிக் கிண்ணம். குழந்தைக்கும், தலை தூக்க முடியாமல் கிடக்கிற பெரியவர்களுக்கும் பால் புகட்டுவது. மாமியார் இடுப்பு ஒடிந்து கிடந்த ஒன்பது மாதமும் அதில்தான் எல்லாம் போயிற்று. காரியம் முடிந்ததும் கோவிந்தம்மாள் அதைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

“வேண்டாங்க... இங்க ஸ்டீல்ல ஒண்ணு இருக்குது... அதுக்கில்லீங்க... மெருகு வேற போட்டுட்டீங்களா?... ஆமா... ஆமாங்க... எல்லாரும் பாக்கறாப்பல நான்தான் ஊட்டணும்ங்கறீங்க... கடைசிப் பால் ஊத்துன கைன்னு... அண்ணி, அப்பிடிச் சொல்லாதீங்க. உங்க கால்ல வேணா வுழுவறேன், அதை மட்டும் சொல்லாதீங்க.”

நாலு வருஷமாக எந்தக் கல்யாணம், எந்தச் சடங்கு என்றாலும் கோவிந்தம்மாள் நாலு பேர் நடுவில் ராமக்காளின் கையைப் பிடித்துக் காட்டுவாள். இந்தக் கையால் மூணு மடக்குப் பால் குடிச்சுட்டுத்தான் எங்கம்மா கண்ணை மூடினாங்க என்பாள். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரும் சொல்லும். ராமக்காள் அந்தக் கையை மெல்ல உருவிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விடுவாள். அடக்கமாம், அதற்கும் ஒரு பேர் சேர்ந்தது.

“இல்லீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல... பயமா இருக்குது அண்ணி. பாப்பாவைப் பாத்தா பயமா இருக்குது... சீக்கெல்லாம் இல்லீங்க... பகல்ல ரெண்டு மணிக்கு மேல தெனமும் கூப்பிடுது... அழுவறதுன்னு நீங்க சொல்றீங்க, நான் கூப்பிடறதுங்கறேன். விட்டு விட்டு. மொத நாளு மூணு தரம். மூணாவதோட சத்தமே இல்ல. ஓடிப்போய்ப் பாத்தா கண்ணை முழிச்சு வாசலையே பாத்துட்டுக் கெடக்குது... இப்பல்லாம் மூணாவது தரம் கூப்பிட விடறதில்ல, அதுக்குள்ள ஓடிருவேன். சோத்துக் கையோட ஓடறேன். அன்னைக்குத் தலை பூரா சீயக்காயோட ஓடுனேன், என்னையப் பாத்துட்டு அது நெசமாவே வீறிட்டுச்சு... சிரிங்க, சிரிங்க. மாதேஸ்வரியும்தான் சிரிக்கறா. அழுதா கொஞ்சம் அழுவட்டும், கெடுத்து வெக்கறேன்னு என்னையத் திட்டறா... அப்புறம் கக்குதுங்க. தயிராட்டம், கடவாயோரம் வழியுது... தெரிமுங்க, தெரசா நர்சம்மாவும் எல்லாக் கொழந்தையும் கக்கும்னுதான் சொன்னாங்க. தொடைக்கறப்ப நான்தான் மூஞ்சியத் திருப்பிக்கறேன்... அதான் சொல்ல வர்றேன்... ஹலோ?... யாரு?... ஆப்பரேட்டரம்மாவா?... மூணு நிமிஷம் ஆயிருச்சா?... கட் பண்ணாதீங்கம்மா, இன்னும் மூணு போடுங்க... போடுங்க தாயி. கேக்கறதுன்னா நீங்களும் கேட்டுக்கங்க.”

லைனில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. ராமக்காள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் புதன்கிழமை ஊர் கூடி நிற்க, அந்தப் பாலாடையைக் கையில் வாங்கிக் குழந்தையின் வாயில் வைத்தாக வேண்டும். அது தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணி... அத்தைக்கு நான் பால் ஊத்தல... உசுரு இருக்கறப்ப ஊத்தல... குறுக்கப் பேசாதீங்க, அப்புறம் எனக்குச் சொல்ல வராது... எண்பத்திரண்டு மாசி. உங்க தம்பி பாலக்கோட்டுக்குப் போயிட்டாரு. நான் பொறக்கடையில உக்காந்து புளி தட்டிட்டிருந்தேன். காலையில என்னைய ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாங்க... என்ன வார்த்தைன்னு இப்ப ஞாபகமே இல்லீங்க. கோவம் மட்டும் ஞாபகம் இருக்குது. ரெண்டு மணி இருக்கும், ‘ராமக்கா’ன்னாங்க. கேட்டுச்சு. கேக்கலைன்னு நான் சொல்லவே மாட்டேன்... கை பூரா புளி, இந்தக் குமி முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் ‘ராமக்கா, தண்ணி’ன்னாங்க. நாளுக்குப் பத்து தரம் கூப்பிடறவங்கதானே, கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். மூணாவது தரம் என் பேரு பாதிதான் வந்துச்சு... அப்புறம் சத்தமில்ல. அப்பாடான்னு இருந்துச்சு அண்ணி. தூங்கிட்டாங்கன்னு நெனச்சுகிட்டு சந்தோசமா மிச்சப் புளியையும் தட்டி முடிச்சேன்...”

எதிர்ச்சாரியில் குழந்தை அழுதது. சின்ன அழுகை, ஒரே இழுப்பு. நின்றுவிட்டது. ராமக்காள் பாதி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.

“கேட்டுச்சுங்களா?... அதுதான். மொத தரம்... இருங்க, முடிச்சுர்றேன். போய்ப் பாத்தா வாயத் தொறந்தபடி கெடந்தாங்க. ஓடிப்போய்ப் பாலாடையில பாலெடுத்து வாயில ஊத்துனேன். கையக் கழுவலைங்க. புளிக் கை. பால் அதுலயே திரிஞ்சு போச்சு. ஒரு சொட்டு உள்ளாற எறங்கல, கட்டி கட்டியா கடவாயில வழிஞ்சுச்சு... தொடச்சேன். முந்தானையில நல்லாத் தொடச்சுட்டு, அப்புறந்தான் கத்துனேன்... நீங்க பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாந்து மொதல்ல கேட்டதே, எங்கம்மா தொண்டை நனைஞ்சுச்சான்னுதானே. உங்க மூஞ்சியப் பாத்து எப்பிடி இல்லேங்கறது?... இல்லீங்க, அதுவும் பொய்யி. உங்களுக்காவ சொல்லல. பயந்துதான் சொன்னேன். அதுலருந்து நான் புளி தட்டறதில்ல. கூலிக்குத்தான் வுடறேன். என்னா பவுசுன்னு ஊரே பேசுச்சு...”

அவள் மூக்கைச் சிந்தினாள். நசுங்கிய தக்காளியின் புளித்த வாசனை மண்டி முழுக்க இருந்தது. எத்தனையோ வருஷமாக எதிர்வீட்டில் இருந்தும் அந்த வாசனை பிடிக்காமல்தான் இன்றைக்கு முன்னால் மண்டிக்குள் அவள் காலே வைத்ததில்லை.

“பாப்பா பொறந்தன்னைக்கு, நர்சம்மா கை கழுவப் போன நேரமாப் பாத்து, திருட்டுத்தனமா சக்கரைத் தண்ணி தொட்டு நாக்குல வச்சேன். என் விரலைக் கவ்விப் புடிச்சுகிட்டு வுடவே இல்ல அண்ணி. பொறந்து ஒரு நாழி ஆவல, அவ்ளோ தாகம். அதுக்கப்புறம் மூணு நாளு எனக்குத் தூக்கம் புடிக்கல. தாகத்தோட போனவங்க தாகத்தோடயே வந்திருக்காங்க. என்கிட்டயேதான் வந்திருக்காங்க... வேற யாருகிட்ட வருவாங்க?... அண்ணி?”

...

“அண்ணி... ஹலோ... ஹலோ... ஆப்பரேட்டரம்மா, லைன் போயிருச்சுங்களா?... இருக்குதா?... அண்ணி, ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்க. மாப்பிள்ளையக் கூட்டியாந்து உம் மவளும் வேண்டாம், உறவும் வேண்டாம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்... மூச்சு வுடறது எனக்குக் கேக்குது. இருக்கீங்கன்னு தெரியுது... ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி...”

பெங்களூர்த் தெருவில் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது ரிசீவரில் கேட்டது. நாலு வருஷம் சுமந்ததை இறக்கி வைத்தாயிற்று, ஆனால் மனசு லேசாகவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று தோன்றியது.

எதிர்ச்சாரியில் குழந்தை மறுபடியும் அழுதது.

ராமக்காள் எழுந்துவிட்டாள்.

“அண்ணி, ரெண்டு ஆயிருச்சு... நான் போவணும்... நீங்க என்ன சொல்றதா இருந்தாலும் நேர்ல வந்து சொல்லுங்க. புதன்கிழமை வாங்க. பாலாடையக் கொண்டாறதும் கொண்டாறாததும் உங்க இஷ்டம்... எல்லாரு முன்னாடியும் கேளுங்க, நான் இதையேதான் சொல்லுவேன்... கூப்பிடுது அண்ணி, என்னால நிக்க முடியாது... வச்சுர்றேன்.”

சரியாக அப்போதுதான் மறுமுனையில் கோவிந்தம்மாளின் குரல் வந்தது. நாலு வருஷமாகக் கனவில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பயந்த குரல். என்ன சொல்கிறது என்று கேட்க ராமக்காள் நிற்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு ஓடினாள்.

கூடை ஒன்று காலில் தட்டி உருண்டது. தொழுகை முடிந்து தெருவில் வந்துகொண்டிருந்த கவுஸ் பாய், மாராப்பு விலகியதுகூடத் தெரியாமல் ஓடி வருகிற எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து ஒதுங்கி நின்றார். அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள்.

“பாஞ்சாலி!... இதோ வந்துட்டேன்... பாஞ்சாலி!... வந்துட்டேன்!”

குழந்தை மூன்றாவது தரம் அழுவதற்குள் அவள் வாசற்படி ஏறிவிட்டாள்.