இன்னும் இரண்டு கை

இந்த போலீஸ் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது ஐயா. இப்படிச் சாய்ந்து உட்கார்ந்தே ரொம்ப நாளாயிற்று. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து தம்பியும் நானும்தான் அவரைப் புரட்டிப் போடுவோம். கனத்த உடம்பு. ஒற்றை ஆள் திணறினால் முதுகில் புண் வைத்துவிடும். இந்த நேரத்தில்தான் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று தம்பி வந்து நின்றான். அந்த அறையில் நான் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

பைக்கிலேயே போய்விடுவானாம். அதுவோ புகை கக்கிக்கொண்டிருந்தது.

"இன்ஜின இறக்கினா நாளாகுமேண்ணே. இறக்காமலே பாக்க முடியாதா?" என்றான்.

முடியும். பட்டறையில் அதுதானே என் பிழைப்பு. டேங்க்கையும், சிலிண்டருக்கு மூடியான ஹெட்டையும் கழற்றிவிட்டு, சிலிண்டரைக் கொஞ்சம் சாய்த்து மேலே உருவிவிடலாம். கீழே திறந்து கிடக்கும் வாயில் எதுவும் விழாமல் துணி அடைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போதுதான் ஒற்றை ஆளுக்குச் சிரமம். தம்பி பிஸ்டனைப் பிடித்துக்கொண்டான். நல்ல கை அவனுக்கு, நடுங்கவே நடுங்காது.

"துணிய எடுத்துட்டியா? உனக்கு மறதி ஜாஸ்தி" என்று சிரித்தான்.

எடுத்துக் காட்டினேன். அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

விழுந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் உங்களிடம் சொன்னது சரி. பிஸ்டனைக் கோத்திருக்கும் 'பின்' என்ற உருளை நழுவாமலிருக்க இரு பக்கமும் சின்னக் கம்பி வளையம் போடுவோம், லாக் என்று பெயர். ஒரு பக்கத்து லாக் என் சட்டைப் பையில் இருந்தது. மறதி இல்லை ஐயா. லாக் இல்லாவிட்டால் அந்த உருளை நகர்ந்து சிலிண்டரைக் கீறும், இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுவிடும். விழுவான், கால் ஒடியும், வேலை போகும், வீட்டோடு இருப்பான் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அவன் கைகள் இருந்தால் போதும். "மெதுவாப் போடா" என்றுகூடச் சொல்லித்தான் அனுப்பினேன்.

விழுந்தான், ஆனால் கழுத்தில் அடி பட்டுவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

இப்போது அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறான். இரண்டு பேரையும் நானே புரட்டுகிறேன். அலுத்துவிட்டது. ஆனாலும் என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டான். "எங்கண்ணன் மாதிரி வருமா?" என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸிடம் சொல்கிறான்.

எங்கே கையெழுத்துப் போடணும்? சீக்கிரம் காட்டுங்கள் ஐயா, அவனைப் புரட்டிப் போடும் நேரம் தாண்டிவிட்டது. என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?