வலதுபக்கம் இரண்டு சுற்று

என் பெயர் லுசெட் டெய்கிள், வயது 49, கணவர் பெயர் ரேனோ டெய்கிள். மெய்ன் மாநிலம், அரூஸ்டூக் மாவட்டம், கோத்தே மில்ஸ் ஊரில் பழைய மில் சாலையின் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இன்று திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தோடு நேராக இந்த வனவிலங்குக் காவல் அலுவலகத்துக்கு வந்து, வார்டன் ஹட்சின்ஸ் முன்னிலையில் நானாகவே சொல்வதாவது. பேருந்து வெளியே மூன்று கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்கு வேறு வழி இல்லை.

என் கணவருக்குச் சில வருடங்களாகக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறது. குழல் நுனியில் உள்ள குறிமுள்ளையும் தூரத்தில் நிற்கும் மானையும் அவரால் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. போன வேட்டை சீசனில் வந்த மானெல்லாம் தப்பிவிட்டது. காலைக் காப்பிக்கு ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், "ரேனோ, நீ சுட்டா மானுக்கு வலிக்கவே மாட்டேங்குதாமே" என்று கேலி செய்தார்கள். அவர் அங்கே சிரித்தார், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. கேலியைத் தாங்குகிற ஆளும் இல்லை, திருப்பிக் கொடுக்கிற ஆளும் இல்லை. வெளியே வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குகிற ஆள்.

அதன் பிறகு இந்த வசந்தத்தில், தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் குழாய் வைத்த துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு லீவர் துப்பாக்கிதான் வேண்டும், விசைக்குக் கீழே உள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறுகிற வகை. எங்கள் சதுப்புக் காட்டில் கிளைகளுக்கு நடுவே தூக்கிக்கொண்டு நடக்கக் குட்டையானது, அவர் கைக்குப் பழகியது. அவருடைய பழைய துப்பாக்கி, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை நேராக மேலே துப்பும். அதன் தலைமேல் ஸ்கோப் வைத்தால் கூடு அதில் முட்டி உள்ளேயே விழும். ஸ்கோப்பை ஒரு பக்கமாகத் தள்ளிப் பொருத்தலாம் என்று கடைக்காரர் சொன்னார், அது மூக்குக் கண்ணாடியைக் காதில் மாட்டியது போல இருந்தது. அதனால் கூட்டைப் பக்கவாட்டில் துப்பும் புதிய துப்பாக்கி ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். ஸ்கோப் தாழ்வாக உட்கார்ந்தபோது கட்டைவிரலால் துப்பாக்கிக் குதிரையை இழுக்க இடம் போதவில்லை. அதற்காகக் குதிரையின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் காதையும் திருகி வைத்தோம். வார்டனுக்கு இதெல்லாம் தெரியும், படிக்கப்போகிற நீதிபதிக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று அவர் சொல்வதால் சொல்கிறேன்.

குறைவாகப் பெரிதாக்கும் ஸ்கோப் போதும் என்று நானும் கடைக்காரரும் சொன்னோம். என் கணவர் ஒன்பது மடங்கு காட்டுவதைத்தான் கையில் எடுத்தார். "காட்டுக்குள்ள எழுபது கெஜம் தாண்டினா மரம்தான் தெரியும். ஒம்பது மடங்குல என்னத்த பாக்கப்போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "பாக்கவேண்டியது எனக்கு இருக்கு" என்று இவர் சொன்னார். மூவரும் சிரித்தோம்.

அதன் பிறகு ஊரார் சுட்டுப் பார்க்கும் சரளைக் குழிக்குப் போய், குறியைச் சரிசெய்தவள் நான். அவருக்குப் பொறுமை கிடையாது. ஸ்கோப்பின் பக்கத்தில் ஒரு மூடி, அதைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு. அதைத் திருப்பினால் தோட்டா படும் இடம் இடதோ வலதோ நகரும். நூறு கெஜத்தில் ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேயே தோட்டா படும்படி வைத்து, மூடியை மூடிக் கையில் கொடுத்தேன்.

அதன் பிறகு கோடையில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர், "தபால் பெட்டிகிட்ட நின்னுகிட்டு யார்கூட போன்ல பேசின? பல்லு அத்தனையும் தெரிய சிரிச்சியே" என்று கேட்டார். பேசியது என் தங்கையுடன். தபால் பெட்டி வீட்டிலிருந்து நூறு கெஜத்துக்கு மேல் இருக்கும். என் பல் தெரிந்தது என்றால் எதன் வழியாகத் தெரிந்தது என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் பிறகு கவனித்தேன். நான் பேருந்தைத் திருப்பும்போது, துணி காயப்போடும்போது, பக்கத்து வயல்காரரிடம் உருளைக்கிழங்கு வாங்கும்போது, சமையலறை ஜன்னல் திறந்திருக்கும், உள்ளே அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் துப்பாக்கியை வைத்துக் கண்ணைப் பதித்திருப்பார்.

ஸ்கோப் வழியாக ஒருவரைப் பார்ப்பது என்றால் துப்பாக்கியை அவர் மேல் நீட்டுவதுதான், வேறு விதமாகப் பார்க்க அதில் வழி இல்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் அவரிடம் கேட்டேன். "காலித் துப்பாக்கி, லுசெட். சும்மா பாக்கறேன். பொண்டாட்டிய பாக்கறது தப்பா?" என்றார். நான் ஒரு பைனாகுலர் வாங்கி ஜன்னல் கொக்கியில் மாட்டினேன். "பாக்கணும்னா இதுல பாரு" என்றேன். அது இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது, வாரை இன்னும் பிரிக்கவில்லை.

அவருடைய தம்பி ஆல்பி டெய்கிளிடம் சொன்னேன். அவர், "கண்ணு போகுதுன்னு அண்ணன் பயந்துகெடக்கான் அண்ணி. கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். ஆல்பி கெட்டவர் இல்லை, அண்ணனைப் பற்றிக் கெட்டதாக எதுவும் காதில் ஏறாது, அவ்வளவுதான்.

ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று வார்டன் கேட்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஒரே ஒரு வழி. நேர்கோடு, இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல், ஒரு மரம் கிடையாது. சமையலறை ஜன்னல் அந்தச் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. போவதென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலையில்தான் போக வேண்டும். வார்டன் ஒருமுறை அங்கே வந்து நின்று பார்த்தால் இந்தக் கேள்வியை மறுபடி கேட்க மாட்டார்.

அதன் பிறகு சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, அவர் மாட்டு மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது, துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். வளையத்தைக் கீழே தள்ளினேன். பக்கவாட்டிலிருந்து ஒரு முழுத் தோட்டா குதித்து மேசைவிரிப்பில் உருண்டது. காலி என்று சொன்ன துப்பாக்கி. எத்தனை மாதமாக அது உள்ளே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை எடுத்து ஒளிக்கவும் பயம், எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் தோட்டாவை இருந்தபடியே உள்ளே ஏற்றினேன். அதன் பிறகு ஸ்கோப்பின் மூடியைக் கழற்றி, திருகை வலது என்று போட்ட அம்புக்குறியின் பக்கம் இரண்டு முழுச் சுற்று திருப்பி, மூடியை மூடிவைத்தேன். இரண்டு சுற்று என்பது நூறு கெஜத்தில் இரண்டடி வலதுபக்கம்.

கணவருக்குத் தெரியாமல் அவர் துப்பாக்கியைக் கெடுத்ததாக என் மேலேயே வழக்கு வரலாம் என்று வார்டன் எச்சரித்தார். வரட்டும், இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் சுடுவார் என்று தெரிந்தா செய்தாய் என்று கேட்டதற்கு, தெரியாது என்கிறேன். அந்தச் சிலுவைக் கோட்டை என் மேலிருந்து எடுக்க எனக்கு வழி இல்லை. அதைப் பொய்யாக்க வழி இருந்தது.

சம்பவம் நடந்தது நேற்று முன்தினம், சனிக்கிழமை, சீசனின் முதல் நாள். இருவரும் காலையில் காட்டுக்குப் போனோம். சதுப்பின் ஓரத்தில் ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் சட்டப்படி ஆரஞ்சுத் தொப்பியும் ஆரஞ்சு மேல்சட்டையும் போட்டிருந்தேன், என்னுடைய பழைய துப்பாக்கி மடியில் இருந்தது. அவர் வெட்டவெளியின் எதிர்ப்பக்கம், நூறு கெஜத்தில், கற்குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் துப்பாக்கியைக் கல்மேல் வைத்து என் பக்கம் திருப்பினார். வழக்கம்போலப் பார்க்கிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். துப்பாக்கி நகரவில்லை. மறுபடி ஆட்டினேன். நகரவில்லை. எழுந்து ஓடலாம் என்று தோன்றியது. ஓடினால் எந்தப் பக்கம்? தோட்டா அவருக்கு வலதுபக்கம் போகும், எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு அது இடதுபக்கம். இடதுபக்கம் சாய்ந்தால் நானே போய் அதில் விழுவேன். அந்தக் காட்டில் எனக்குப் பாதுகாப்பான ஒரே இடம் அவர் குறிவைத்திருந்த இடம்தான். அதனால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மடியிலும் துப்பாக்கி இருந்ததே என்று கேட்டதற்கு, இருந்தது, அதைத் தூக்கினால் சுடுவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று நினைத்துத் தூக்கவில்லை என்கிறேன்.

அதன் பிறகு வெடித்தது. மரப்பட்டை என் இடது கன்னத்தில் வந்து அடித்தது. மரத்தின் பக்கவாட்டில், என் நெஞ்சு உயரத்தில், என் நெஞ்சிலிருந்து இரண்டடி தள்ளியிருந்த கிளைத்தண்டில் தோட்டா பாய்ந்திருந்தது. அவர் எழுந்து வேகமாக நடந்து வந்தார். வந்தவர் முதலில் மரத்தைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"ஒரு கொம்பு மான். உனக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி" என்று என் இடதுபக்கம் கையைக் காட்டினார். "பாத்தியா?"

"பாக்கல."

"துப்பாக்கி எனக்கு இடதுபக்கம் இழுக்குது. எங்கயோ இடிச்சிருக்கு. ஆல்பிகிட்ட குடுத்து சரி பண்ணணும்."

நான் சரி என்றேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்தோம். அவர் இரண்டு முறை சூப் வாங்கிச் சாப்பிட்டார். நான் குளியலறையில் தலைமுடியிலிருந்து பட்டைத் துகளைப் பொறுக்கினேன். இரவு மழை பெய்தது, தரையில் குளம்புத் தடம் இருந்ததா இல்லையா என்று பார்க்க இனி ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சட்டப்படி வேட்டை கிடையாது. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஆல்பி துப்பாக்கியைச் சரளைக் குழிக்கு எடுத்துப் போனார். பிற்பகலில் சமையலறைத் தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். என் கணவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஆல்பி சொன்னது இது:

"சரி பண்ணிட்டேன் அண்ணி. ஆனா அண்ணன் இடதுபக்கம் இழுக்குதுன்னான், இது நேர் எதிரா வலதுபக்கம் ரெண்டடி போகுது. அவனுக்கு இடது வலதும் மறந்துபோச்சா? இடதுபக்கமா ரெண்டு சுத்து திருப்பி வெச்சிருக்கேன்."

நான் "சரி ஆல்பி" என்று வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னான்?" என்று என் கணவர் கேட்டார்.

"சரி பண்ணியாச்சாம்."

அவர் தலையாட்டிவிட்டு ரொட்டியைச் சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஆகவே வார்டன் கவனிக்க வேண்டியது. பத்தடி தள்ளி நின்ற மானை அவர் குறிவைத்திருந்தால், தோட்டா மானுக்கும் அப்பால் இரண்டடி தள்ளிப் போயிருக்கும், என் பக்கம் வந்திருக்காது. என்னிலிருந்து இரண்டடி தள்ளிப் பட்டது என்றால், கோடு எங்கே நின்றது என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான் திருகைத் தொட்டது என் வாய்வார்த்தை மட்டும், அந்தத் திருகும் இப்போது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆல்பி. அவரிடம் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல், முதலில் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு எழுதி வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியாத வரைக்கும் அவர் பொய் சொல்ல மாட்டார்.

நேற்று மாலை ஆல்பி துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்று காலை நான் பேருந்தை எடுத்தபோது சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, நவம்பர் மாதத்தில். பிற்பகல் பிள்ளைகளை வீட்டில் விட, அதே சாலையின் முனை வரை வந்து, அந்த ஜன்னலுக்கு எதிரே பேருந்தைத் திருப்ப வேண்டும். பள்ளி விடுவதற்குள் அந்தத் துப்பாக்கி அங்கிருந்து எடுக்கப்பட வேண்டும். ஆல்பி செய்கிற வேலை சுத்தமாக இருக்கும். இனி அது பார்க்கிற இடத்திலேயே சுடும்.

மேலே எழுதியதை வார்டன் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், எனக்கு வரக்கூடிய கேடும் தெரிந்தே, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
லுசெட் டெய்கிள்