நெட்டை அண்ணன் கையைக் காட்டினார்

பெயர் சம்மனில் கண்டபடி. வயது நாற்பது இருக்கும். துறைமுகக் குடியிருப்பு, மூன்றாம் வரிசை, கடைசி வீடு. கப்பல் மேடையில் சிந்துவதைக் கூட்டி அள்ளுவது என் வேலை. இறந்துபோனவர் என் கணவர். கப்பலின் அடித்தட்டில் நின்று பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டுவது அவர் வேலை. கிரேனை ஓட்டியது என் கூடப்பிறந்த தம்பி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீதிபதி ஐயா முன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள்.

எங்கள் துறைமுகத்தில் முன்பு ஒரே சங்கம்தான். போன வருஷம் எங்கோ நடக்கும் சண்டைக்குத் துப்பாக்கி ஏற்றி வந்த கப்பலை இறக்க மாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. அதன் பிறகு வெளிநாட்டுத் தொழிற்சங்கத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து தங்கினார். அவரும் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவர்தான் என்றார்கள். கையைப் பார்த்தேன், காய்ப்பு இருந்தது, உண்மைதான். உங்கள் சங்கம் கம்யூனிஸ்டுகள் பிடியில் இருக்கிறது, அவர்களை நம்பினால் நாடே பறிபோகும் என்று அவர் கூட்டம் போட்டுச் சொன்னார். அதன் பிறகு புதுச் சங்கம் வந்தது, கப்பலும் காலியானது. வேலையை நிறுத்திப் பட்டினி கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். என் கணவரும் திரும்பினார், ஆனால் பழைய சங்கத்தை விடவில்லை.

என் தம்பி புதுச் சங்கத்தில் சேர்ந்தான். அவனை அந்த வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். அன்றைக்கு என் வீட்டில்தான் சாப்பிட்டான். என் கணவர் அவனிடம், "என்ன மச்சான், கிரேன் ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல யார் கூடப் பேசக்கூடாதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். "ரெண்டாவதுதான் மாமா கஷ்டமான பாடம்" என்றான். இருவரும் புரையேறச் சிரித்தார்கள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

கிரேன் மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பலின் அடி தெரியாது. விளிம்பில் ஒருவர் நின்று கையால் சைகை காட்ட வேண்டும். அந்த வேலை நெட்டை அண்ணனுடையது. அவர் பழைய சங்கம், என் கணவருக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். சிவப்பு ஆட்கள் சதி செய்வார்கள், அவர்கள் சைகையை எடுக்காதே என்று புதுச் சங்கத்தில் உத்தரவு போட்டார்கள். அதன் பிறகு ஒரே கிரேனுக்கு இரண்டு பேர் நின்று கை காட்டினார்கள். தம்பி புதுச் சங்கத்துப் புது ஆளைத்தான் பார்ப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை கோட்டுக்காரர் மறுபடி வந்திருந்தார். அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் புது ஆள் அலுவலகத்துக்குப் போய்விட்டான். அவன் வரும்வரை தம்பி நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பெட்டி பாதி ஏறியபோது ஒரு பக்கச் சங்கிலி நழுவியது. நெட்டை அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்து, "நிறுத்துடா, டேய், நிறுத்து!" என்று கத்தினார். நான் விளக்குமாற்றோடு மேடையில் நின்றிருந்தேன். தம்பி அவரைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெட்டி சாய்ந்து உள்ளே விழுந்தது. அதன் பிறகு என் கணவரை மேலே கொண்டுவந்ததும் அதே கிரேன்தான். அப்போது நெட்டை அண்ணன் கை காட்டினார், தம்பி அந்தச் சைகைப்படி மெதுவாகத் தூக்கினான்.

அதன் பிறகு நெட்டை அண்ணனைப் போலீஸ் பிடித்துப் போனது. புதுச் சங்கத்துச் செயலாளர் வந்து, "நெட்டையன் வேணும்னே தப்பா கை காட்டினான்னு சொல்லும்மா. உன் தம்பி பொழைச்சுக்குவான்" என்றார். பழைய சங்கத்து வக்கீல் வந்து, வெளிநாட்டான் ஏவித் தம்பி கொன்றான் என்று சொல்லச் சொன்னார். என் கணவர் மேல் எந்தக் கொடியைப் போர்த்துவது என்று வாசலில் இரண்டு கூட்டமும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என் புடவையைப் போர்த்தி அனுப்பினேன்.

அதன் பிறகு தம்பி வந்தான். கண்ணாடி இல்லை. "நான் பார்க்கல அக்கா, சத்தியமா பார்க்கல" என்றான். "நீ பார்த்தேடா. நான் கீழ நின்னுட்டுதானே இருந்தேன்" என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "மாமா இருந்தா என்னைக் காட்டிக் குடுக்க மாட்டாரு" என்றான். அவன் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் நெட்டை அண்ணன் சரியாகத்தான் கை காட்டினார். அதைச் சொல்லத்தான் வந்தேன். இனி என் தம்பி என் வாசல் மிதிக்க மாட்டான் என்று தெரிந்தே சொல்கிறேன்.

நெட்டையன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நேற்றே தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டானே என்று ஐயா கேட்டதற்குச் சொல்வது: நேற்று அவரைப் போலீஸ் வண்டியிலிருந்து இறக்கும்போது நான் வெளியில் நின்றிருந்தேன். இரண்டு கையிலும் ஒரு விரல்கூடத் தெரியாமல் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினார். வா என்கிறாரா, போ என்கிறாரா, எனக்குப் புரியவில்லை.

இதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். முழுவதும் படித்துக் காட்டக் கேட்டேன். தம்பி முகத்தைத் திருப்பினான் என்று வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறது. நான் கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறு எதுவும் இல்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)